கணக்குக்கா, முத்துக்கா

"எட்டாம் வகுப்புக் கணக்கை எனக்குக் கொடுங்க சார்."

தலைமையாசிரியர் பொன்னுதுரை உட்காரச் சொல்லியும் உட்காராமல், மேசைக்கு முன்னால் நின்றபடியே வடிவம்மாள் இதைக் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளுக்குச் சொல்லாத ஆள் கிடையாது. தையல் டீச்சர் சொன்னாள். குமாஸ்தா சொன்னார். உடன்குடிப் பக்கம் கருப்பட்டிக் கடை வைத்திருந்த அவளுடைய அய்யா கடிதமே போட்டிருந்தார்: "வேலை குடுத்ததே பெருசு. வாயை வச்சிக்கிட்டு சும்மா இருளா." அய்யாவுக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரரைப் பிடித்து எழுத வைத்திருந்தார்.

அந்தக் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆளே வடிவம்மாள்தான். சென்னைக்குப் போய்க் கணிதத்தில் பி.ஏ., அதற்கு மேல் ஆசிரியப் பயிற்சியில் எல்.டி. என்று முடித்துவிட்டு வந்திருந்தாள். தூத்துக்குடியில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் பட்டம் வாங்கியவர் வேறு ஒருவரும் இல்லை. இருந்தும் நாற்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் அவளுக்கு ஒதுக்கியது ஐந்தாம் வகுப்புத் தமிழும் ஆறாம் வகுப்புப் பூகோளமும். எட்டாம் வகுப்புக் கணக்கு ஆவுடையப்பன் சாருடையது. இருபத்திரண்டு வருஷமாக அவருடையது.

அவரும் அப்போது அங்கேதான் இருந்தார். ஜன்னலோரம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் தாளை இறக்காமலே கேட்டார். "ஏம்மா, பூகோளம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"பூகோளம் ஒண்ணும் பண்ணலை சார். நீங்கதான் பண்ணியிருக்கீங்க. பதினொரு பிள்ளைங்க பேருக்குப் பக்கத்துல, தேறாதுன்னு இப்பவே பென்சில்ல புள்ளி வச்சிருக்கீங்க. டிசம்பர் பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் கிடக்கு."

விஷயம் இதுதான். எட்டாம் வகுப்பு முடிவில், மார்ச் மாதம், சர்க்கார் தேர்வு. யார் யாரை அதற்கு அனுப்புவது என்று பார்க்க டிசம்பரில் பள்ளிக்கூடமே ஒரு பரீட்சை வைக்கும். கணக்கில் தேறாதவளுக்கு வடிகட்டலிலேயே கதை முடிந்துவிடும். அவள் பெயர் மார்ச்சுக்குப் போகாது. அப்படிக் கழித்துக் கழித்துத்தான் பள்ளிக்கூட வாசல் பலகையில் 'நூற்றுக்கு நூறு' என்று வருஷந்தோறும் வெள்ளை பெயிண்டில் எழுதினார்கள்.

"தேறாத பிள்ளையை வெளியே நிறுத்திட்டு மிச்சத்தை எண்ணினா நூத்துக்கு நூறு வராம வேற என்ன சார் வரும்? அதுக்கு ஒரு கணக்கு வாத்தியார் எதுக்கு?"

பொன்னுதுரையின் முகம் சிவந்தது. ஆவுடையப்பன் பத்திரிகையை மடித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. வடிவம்மாளுக்கு அது கோபத்தைவிட எரிச்சலாக இருந்தது.

"சார், ஒண்ணு செய்வோம். அந்தப் பதினொண்ணையும் இந்த அம்மாவே வச்சிக்கிடட்டும். எனக்கும் தலைவலி விட்டுச்சு."

பொன்னுதுரை யோசித்தார். யோசிக்க யோசிக்க அது அவருக்கும் பிடித்துப்போயிற்று. "சரி. கணக்கு பீரியட்ல பதினொரு பேரும் தையல் அறைக்கு வருவாங்க. டிசம்பர் பதினாறு பரீட்சை. பேப்பர் போடுறதும் திருத்துறதும் ஆவுடையப்பன் சார்தான். பாஸானவளை அனுப்புதேன், ஜூன்லேர்ந்து வகுப்பும் உங்களுக்கு. ஒருத்தியும் ஆகலைன்னா, அதுக்கப்புறம் எட்டாம் வகுப்புன்னு என்கிட்ட நீங்க பேசப்படாது."

"பேசமாட்டேன்" என்றாள்.

முதல் வாரம் அவள் நினைத்தபடி ஒன்றும் நடக்கவில்லை. கல்லூரியில் அவளுக்கு எப்படிச் சொல்லித் தந்தார்களோ அப்படியே அவளும் சொல்லித் தந்தாள். பின்னங்களை ஒப்பிட வேண்டுமா, கீழ் எண்களுக்கு மீச்சிறு பொதுமடங்கு எடு, மேலே பெருக்கு, முடிந்தது. பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்." பதினொரு குரலும் ஒன்றாக வந்தன.

சிலேட்டுகளை வாங்கிப் பார்த்தால் ஒன்றிலும் உருப்படியாக எதுவும் இல்லை. நாலாம் நாள் கத்திவிட்டாள். "மண்டைக்குள்ள என்னதான் வச்சிருக்கீங்க?" மில் தொழிலாளி மகள் சீனித்தாய் தாவணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் அழவில்லை. அவர்களுக்கு இது பழக்கம். இந்த டீச்சரும் இப்படித்தானா என்பதுபோல ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது வடிவம்மாளுக்கு உறைத்தது. ஆவுடையப்பனைப் பற்றி மனதுக்குள் என்னென்ன திட்டியிருந்தாளோ, அத்தனையையும் காலையில் அவளே செய்திருந்தாள். பிரம்பு ஒன்றுதான் பாக்கி. கை கழுவிவிட்டு ஒரு நோட்டை எடுத்து, தனக்குத் தானே கட்டளை போடுவதுபோல எழுதினாள்:

'புரிஞ்சுதா என்று இனிமேல் கேட்காதே. புரியாதவளும் புரிஞ்சுது என்றுதான் சொல்லுவாள். கேள்வியைக் கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டு நில்.'

மறுநாள் பலகையில் இரண்டே பின்னங்கள். இருபதில் ஒன்று, ஐம்பதில் ஒன்று. எது பெரிது? எழுதிவிட்டுப் பேசாமல் நின்றாள். பத்து எண்ணுவது லேசான காரியம் இல்லை. நாலு எண்ணுவதற்குள் நாக்கு துறுதுறுத்தது. ஆறாவதில் ஒருத்தி சிலேட்டுக் குச்சியைக் கையில் எடுத்தாள். பத்தாவதில் எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

பத்து சிலேட்டில் ஐம்பதில் ஒன்று பெரிது என்று இருந்தது. "ஐம்பது பெருசுல்லா டீச்சர்" என்றாள் ரொசாலி. அவளுடைய அப்பா செபாஸ்டின் கடலுக்குப் போகிறவர்.

ஒரு சிலேட்டில் மட்டும் இருபது.

அது ராஹிலாவுடையது. அவளுடைய வாப்பா ஸதக்கத்துல்லாஹ் காயல்பட்டினத்து முத்து வியாபாரி. கடை தூத்துக்குடியில் என்பதால் குடும்பமும் இங்கேயே இருந்தது. சர்க்கார் தேர்வில் தேறினால் டீச்சர் பயிற்சிக்கு அனுப்புவதாக மகளுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பெயர் போகாவிட்டால் டிசம்பரோடு புஸ்தகத்தைக் கட்டிவைத்துவிட்டு வீட்டோடு இருக்க வேண்டியதுதான். இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆவுடையப்பன் பென்சில் புள்ளி வைத்த முதல் பெயரும் அதுதான்.

"எப்படிச் சொன்னே, ராஹிலா?"

ராஹிலா சட்டென்று எழுந்து உள்ளங்கையை நீட்டினாள். "தப்புன்னா மாத்திக்கிடுதேன் டீச்சர்."

வடிவம்மாளுக்கு அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. "கையை மடக்குளா. சரியாத்தான் எழுதியிருக்கே. எப்படின்னுதானே கேட்டேன்?"

"இருபதுன்னா பெருசுதானே டீச்சர்."

"சரி. இருபதுல ஒண்ணு, ஐம்பதுல ஒண்ணு எல்லாம் வேண்டாம். வெறும் இருபது, வெறும் ஐம்பது. எது பெருசு?"

ராஹிலா தயங்கினாள். பலகையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "கணக்குக்கா டீச்சர், முத்துக்கா?"

வகுப்பே சிரித்தது. வடிவம்மாள் சிரிக்கவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "முத்துக்குச் சொல்லு."

ராஹிலா சொன்னாள். முத்தைத் தரம் பிரிக்க அவர்கள் வீட்டில் பத்துப் பித்தளைச் சல்லடைகள் உண்டு. பத்தும் ஒரே அளவு, சின்னச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி. ஒன்றில் இருபது ஓட்டை, அடுத்ததில் முப்பது, அதற்கடுத்து ஐம்பது, எண்பது, நூறு என்று போய்க் கடைசித் தட்டில் ஆயிரம். எண்ணிக்கை கூடக் கூட ஓட்டை சின்னதாகும். முதலில் இருபதில் போட்டுச் சலிப்பார்கள். கீழே விழாமல் தட்டிலேயே நிற்கிற முத்து இருபதாம் முத்து. அதுதான் பெரிய முத்து, வாப்பா அதைத் தனியாகத் துணியில் முடிவார். ஆயிரம் என்பது பொடி.

"மூணாம் கிளாஸ்ல டீச்சர் கேட்டாங்க, இருபது பெருசா ஐம்பது பெருசான்னு. நான் இருபதுன்னேன். அடி விழுந்திச்சு. அதுக்கப்புறம் கணக்குல நான் வாயே தொறக்கதில்லை. எந்த நேரம் எது பெருசுன்னு எனக்குத் தெரியலை டீச்சர்."

ஐந்து வருஷம். ஒரு குழந்தை ஐந்து வருஷம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறது. எப்படி என்று ஒரு ஆள் கேட்கவில்லை. வடிவம்மாளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு அடியிலேயே இன்னொன்றும் இருந்தது: வழி கிடைத்துவிட்டது என்கிற ஆசுவாசம்.

"நாளைக்கு அந்தச் சல்லடையைக் கொண்டுவர முடியுமா?"

கொண்டுவந்தது ராஹிலா இல்லை, ஸதக்கத்துல்லாஹ்வே வந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய மூட்டையைப் பள்ளிக்கூட வாசலில் வைத்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றார். பதினெட்டு வருஷமாகச் சர்க்கார் இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடத்தவில்லை; அவர் பம்பாய் வழியாக வருகிற பஹ்ரைன் முத்தை வாங்கிச் சலித்து விற்றுக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, இதை நான் என் தம்பிகிட்டகூடக் கொடுக்கதில்லை. ஒரு ஓட்டை நசுங்கினாலும் முத்து தரம் மாறிப்போவும்."

"ஒரு ஓட்டையும் நசுங்காது. நான் பொறுப்பு."

"கணக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்க மகள்தான் சொன்னா."

"அவளா?" என்றார் அவர். அந்த ஒரு சொல்லில் இருந்த ஆச்சரியத்தை வடிவம்மாள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குத் தையல் அறையின் நீள மேசையில் இருபதும் ஐம்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பட்டாணி, பாசிப்பயறு, கடுகு என்று ஆளுக்குக் கொஞ்சம் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். சலித்தார்கள். தட்டு ஒன்றுதான், அதை இருபது பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு, ஐம்பது பேருக்குப் போட்டால் எவ்வளவு என்று வடிவம்மாள் கேட்டுவிட்டு வாயை மூடினாள். அவள் எட்டு எண்ணும்போதே ரொசாலி குதித்தாள்.

"டீச்சர், வலையும் இப்படித்தான்! ஒரு சாணுக்கு முடிச்சு கூடக் கூடக் கண்ணு சின்னதாகும். எங்கப்பா நெத்திலிக்கு வச்சிருக்க வலையில சுண்டுவிரல்கூடப் போவாது."

"நூலும்தான்" என்றாள் சீனித்தாய். அழுத அன்றைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. "மில்லுல இருபதாம் நம்பர் நூலு தடிசு, நாற்பதாம் நம்பர் மெல்லிசு. எங்கய்யா சொல்லுவாக."

"ஏளா, பொறவு ஏன் நேத்து ஐம்பதுல ஒண்ணு பெருசுன்னு எழுதினீங்க ரெண்டு பேரும்?"

ரொசாலி கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னாள். "நேத்து அது கணக்கு, டீச்சர்."

வடிவம்மாள் அப்போதுதான் சிரித்தாள். தூத்துக்குடிக்கு வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அதுவே முதல்.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடின. நோட்டில் வரிகள் சேர்ந்தன. 'சரியான விடைக்கும் எப்படி என்று கேள். தப்புக்கு மட்டும் கேட்டால் அந்த வார்த்தையே அடி மாதிரி ஆகிவிடும்.' 'தப்பான விடையை உடனே அழிக்காதே. பலகையில் இருக்கட்டும், எழுதினவளே வந்து அழிப்பாள்.' ஒரு நாள் கொஞ்சம் நீளமாகவே எழுதினாள்: 'சல்லடையையே கட்டிக்கொண்டு அழாதே. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே பித்தளை இருக்கிறது. அது சரியான பங்கு இல்லை. இரண்டு நாள் தட்டு. அப்புறம் தட்டைத் துணியில் கட்டிவிட்டுக் காகிதத்தில் வட்டம் போட்டு, பங்குக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல். வட்டம் தலைக்குள் போன பிறகு வெறும் எண்.'

வட்டம் அவர்கள் தலைக்குள் நன்றாகவே போயிற்று. அதிலிருந்துதான் வினையும் வந்தது.

டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை வடிவம்மாளைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் பதினொரு விடைத்தாள்கள். ஆவுடையப்பன் இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"பாருங்க சார். எந்தத் தாளை எடுத்தாலும் ஓரத்துல ஒரு வட்டம், அதுக்குள்ள புள்ளி புள்ளியா. பதினொரு பேருக்கும் ஒரே மாதிரி. விடை சரியா இருக்கு, நான் சொல்லிக்கொடுத்த வழி ஒண்ணுலயும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை காப்பி பார்த்திருக்கேன். இது காப்பிதான்."

"வட்டம் நான் போடச் சொன்னது" என்றாள் வடிவம்மாள்.

"விடையும் நீங்க சொன்னதா?"

அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. கத்தினால் பதினொரு பெயரும் போய்விடும். "உங்களுக்கு எந்தப் பிள்ளைமேல சந்தேகம் ஜாஸ்தி?"

"முதல் தாள். அறுபத்தெட்டு மார்க். ஜூன்லேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத பிள்ளை."

"கூப்பிடுங்க. கணக்கை நீங்களே போடுங்க. நான் வாயைத் திறக்கலை."

ராஹிலா வந்து கதவோரம் நின்றாள். முக்காட்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "எண்பதுல மூணு. ஐம்பதுல ரெண்டு. எது பெருசு?"

துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு கப்பல் ஊதியது. பொன்னுதுரை, "சீக்கிரம் சொல்லு" என்று வாயெடுத்தார். வடிவம்மாள் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். தலைமையாசிரியரைக் கைகாட்டி நிறுத்திய முதல் ஆள் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளாகத்தான் இருக்கும். அவரும் ஏனோ நிறுத்திக்கொண்டார்.

ஏழு, எட்டு, ஒன்பது.

"ஐம்பதுல ரெண்டுதான் பெருசு சார்."

"எப்படி?"

ராஹிலாவின் கை முக்காட்டிலேயே இருந்தது. நீளவில்லை. "ஐம்பதுல ரெண்டுன்னா இருபத்தஞ்சுல ஒண்ணு. இருபத்தஞ்சுல ஒண்ணுன்னா எழுபத்தஞ்சுல மூணு. இது எண்பதுல மூணு. எண்பது ஓட்டைன்னா எழுபத்தஞ்சைவிடப் பொடிசு. பொடிசுல மூணு எடுத்தா கம்மிதானே சார்?"

ஸதக்கத்துல்லாஹ் சல்லடை மூட்டையோடு வாசலில் நின்றதைப் பொன்னுதுரை பார்த்திருந்தார். "எழுபத்தஞ்சு ஓட்டை உள்ளது உங்க வீட்டுல இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை சார். ஐம்பதுக்கு அடுத்தது எண்பதுதான். எழுபத்தஞ்சை நானா மனசுல போட்டுக்கிட்டேன்."

வடிவம்மாள் ராஹிலாவைத் திரும்பிப் பார்த்தாள். இல்லாத தட்டை மனதில் போட்டுக்கொண்டாளாம். இதற்கு மேல் இவளுக்குத் தட்டும் வேண்டாம், டீச்சரும் வேண்டாம்.

ஆவுடையப்பன் பத்திரிகை ஓரத்தில் பென்சிலால் பெருக்கிக்கொண்டிருந்தார். நானூறு என்று எழுதினார். அதன் மேல் பதினைந்து, பதினாறு. நல்ல கணக்குக்காரர்தான், பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"சரிதான் சார்" என்றார். பிறகு ராஹிலாவிடம், "எனக்கு நானூறு வரைக்கும் போவ வேண்டியிருந்துச்சு. நீ எழுபத்தஞ்சுலயே நின்னுட்டே. போளா, போயி உங்க வாப்பாகிட்டச் சொல்லு, பேரு போவுதுன்னு."

ராஹிலா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். அப்புறம் வராந்தாவில் அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து தையல் அறைப் பக்கமிருந்து ஒரு கூச்சல். அதில் ரொசாலியின் குரல்தான் ஓங்கியிருந்தது.

பத்துப் பேர் தேறியிருந்தார்கள். சீனித்தாய்க்கு முப்பத்தொன்று, நாலு மார்க்கில் போய்விட்டது. ஏழாம் வாய்ப்பாட்டில் இரண்டு இடத்தில் சறுக்கியிருந்தாள், அதில் ஆவுடையப்பனைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. போன பரீட்சையில் அவள் வாங்கியது நாலு. அந்த முப்பத்தொன்றைப் பார்த்துவிட்டு, இன்னொரு வருஷம் படிக்கட்டும் என்று அவளுடைய அய்யாவே சாயங்காலம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொன்னுதுரை வடிவம்மாளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இந்தத் தடவை உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் ஜன்னலோரம் இருந்தார். கையில் பத்திரிகை இல்லை.

"நான் ஒரு வார்த்தை சொன்னா மாறமாட்டேன்" என்றார் பொன்னுதுரை. "ஜூன்லேர்ந்து எட்டாம் வகுப்புக் கணக்கு உங்களுக்கு. ஆவுடையப்பன் சார் ஏழாம் வகுப்பு எடுத்துக்கிடுவார்."

ஆவுடையப்பன் வேஷ்டிக் கரையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் நேற்று இரவே அவளுக்கு முடிவாகிவிட்டது. முடிவானதும் நன்றாகத் தூங்கியும்விட்டாள். அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"எட்டாம் வகுப்பு வேண்டாம் சார். மூணாம் வகுப்புக் கொடுங்க."

"என்னது?"

"மூணாம் வகுப்புக் கணக்கு."

"பி.ஏ. படிச்சிட்டு மூணாம் வகுப்பா? ஊர்ல என்ன சொல்லுவாங்க? உங்க அய்யா என்ன சொல்லுவார்?"

"அய்யாவுக்கு நான் கடிதம் போட்டுக்கிடுதேன்."

"அது யாரும் கேட்டு வாங்குற வகுப்பு இல்லைம்மா. பாட்டுப் பாடி, மணல்ல எழுத வச்சி..."

"ராஹிலா அங்கதான் சார் வாயை மூடினா. எட்டாம் வகுப்புல நான் ஆறு வாரம் உழைச்சது, அங்கன ஒருத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தா தேவையே இருந்திருக்காது. வருஷத்துக்குப் பதினொரு பேரை நான் இங்கன உக்காந்து தூக்கிவிட மாட்டேன். அங்கனயே விழாம பாத்துக்கிடுதேன். வகுப்புல பிரம்பு இருக்கப்படாது, அதை மட்டும் இப்பவே சொல்லிட்டேன்."

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்து வகுப்பு கையைவிட்டுப் போகவில்லை என்பது மெதுவாகத்தான் அவருக்குள் இறங்கியது. "ஏம்மா" என்றார். "அந்த வட்டத்தை எனக்கும் ஒரு நாள் காட்டு. ஆவுடையப்பன் கேட்டான்னு வெளியே சொல்லாதே."

"நோட்டையே தாரேன் சார். படிச்சிட்டுத் திருப்பிக் கொடுத்திடணும்."

பொன்னுதுரை இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவசரமில்லை. ஜனவரி வரைக்கும்..."

வடிவம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் ஜனவரியில் என்ன செய்யலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் வாசற்படியைத் தாண்டியிருந்தாள்.